கடைசி வரிசையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்

பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் பண்ணையாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு பருவத்திலும் உங்களிடம் இளைஞர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று நீங்கள் யோசிக்கிற நேரத்தில் இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நானும் அப்படி வந்த ஆள்தான். வணிகவியல் படித்தேன். இன்று விவசாயக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது கல்லூரி அல்ல, ஒரு தக்காளி வயலின் கடைசி வரிசை.

முதலில் நான் சேர்ந்த பண்ணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டு மாதம் களை பிடுங்கினேன், பெட்டிகளில் காய் அடுக்கினேன். எதற்காக இன்றைக்கு இந்த வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால், "வேலையைப் பார்" என்பார்கள். களை பிடுங்குவது கீழான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே என் கைகள் மட்டும்தான் தேவைப்பட்டன. ஊர் திரும்பியபோது எனக்கு விவசாயமே கசந்துபோயிருந்தது.

அடுத்த பருவத்தில் வேறொரு பண்ணைக்குப் போனேன். அதை நடத்திய அம்மா முதல் நாளே ஒரு தக்காளிப் பாத்தியைக் காட்டி, "அறுவடை முடியும் வரை இது உன் பொறுப்பு" என்றார். நாற்று நட்டேன், கட்டிவிட்டேன், காய் பிடித்தது. அப்புறம் ஒரு நாள் கடைசி வரிசையில் காய்களின் அடிப்பக்கம் கருத்து, தோல்போல் அமுங்கிக் கிடந்தது. நோய் என்று நினைத்து மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. ஓர் அளவு ஜாடியையும் ஒரு கடிகாரத்தையும் கையில் கொடுத்தார்.

எங்கள் சொட்டுநீர்க் குழாயில் ஒவ்வொரு டிரிப்பரும், அதாவது செடிக்குத் தண்ணீர் சொட்டும் முனையும், மணிக்கு 2 லிட்டர் விட வேண்டும். அப்படியானால் அரை மணி நேரத்தில் ஜாடியில் 1 லிட்டர் சேர வேண்டும். முதல் செடியில் சரியாகச் சேர்ந்தது. கடைசிச் செடியில் 600 மில்லிதான். குழாயின் முனை மூடியைத் திறந்தேன். செம்மண் நிறத்தில் கொழகொழவென்று சேறு என் காலில் வந்து விழுந்தது. போய் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் பாசி அப்பிக் கிடந்தது. அதைக் கழுவுவது என் பொறுப்பு. மூன்று வாரமாக நான் அதைத் தொடவே இல்லை.

தண்ணீர் ஒரு நாள் குறைந்து ஒரு நாள் நிறைந்து போனால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் அது காய்க்குப் போய்ச் சேராது. அதனால்தான் அடி கருக்கிறது. எந்த மருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இதை அவர் முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பருவ நடுவில் கணக்கு நோட்டையும் என் முன்னால் திறந்து வைத்தார். நாற்று, எரு, கூலி, மின்சாரம் என்று செலவுப் பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிருந்தது. வரவுப் பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. நட்டதிலிருந்து முதல் பறிப்புக்குப் பத்து வாரம் ஆனது, அதற்கு முந்தைய நாற்றங்கால் நாட்கள் தனி. அவருடைய சொந்த உழைப்புக்குக் கூலி என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. அது ஏன் என்று கேட்டேன். "அதை எழுதினால் யாரும் விவசாயம் பார்க்க மாட்டார்கள்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தால், அடுத்த மாதமே தவணை தொடங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். தொடங்கினால் அதை அறுவடைக்குப் பின் தள்ளிவைக்கச் சொல்லி வாதாடுகிறேன். வயலுக்கு நேரில் போனால் முதல் வரிசையில் நிற்பதில்லை, நேராகக் கடைசிச் செடிக்குப் போகிறேன். கூட வரும் விவசாயி அதற்குப் பிறகு என்னிடம் பேசும் விதமே மாறிவிடும்.

நகரத்து ஆட்களைப் பண்ணைக்குக் கூட்டிவருவது புதிய யோசனை இல்லை. லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பர்ட் 1971ல் சிலரை வாரக் கடைசியில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இருந்த இயற்கைப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். தன்னார்வலர்களை இயற்கைப் பண்ணைகளோடு இணைக்கும், பல நாடுகளுக்குப் பரவிய 'வூஃப்' அமைப்பு அதிலிருந்துதான் வளர்ந்தது. ஆசையைக் கிளப்ப இரண்டு நாள் போதும். ஆனால் நட்ட கையே அறுத்து, அறுத்த கையே கணக்கையும் எழுத வேண்டுமென்றால் ஒரு முழுப் பருவம் வேண்டும். குறைந்த நாளுக்கு ஆள் எடுப்பவர்கள், கீரை மாதிரி சீக்கிரம் முடியும் ஒரு பயிரையாவது அவர்களிடம் முழுதாக விடலாம்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். பயிற்சி என்ற பெயரில் கூலியில்லாத ஆள் தேடுகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். உங்கள் லாபம் எவ்வளவு மெலிந்தது என்று எனக்குத் தெரியும், அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக அந்தச் சுமையை இருபது வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்றலாமா? எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு பணம், தங்க இடம் உண்டா, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இவற்றை அவர்கள் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளும் அப்போதுதான் உங்களிடம் வர முடியும்.

வருகிறவர்கள் எல்லோரும் விவசாயி ஆக மாட்டார்கள். நானும் ஆகவில்லை. சிலர் அதிகாரியாவார்கள், சிலர் ஆசிரியராவார்கள், சிலர் பம்புசெட் விற்பார்கள். அதில் ஒருவர் நாளைக்கு உங்கள் விண்ணப்பத்தையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இந்தப் பருவத்து நடவு நெருங்குகிறது. வரப்போகும் பிள்ளைக்கென்று ஒரு பாத்தியை இப்போதே குறித்துவிடுங்கள். கணக்கு நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அளவு ஜாடி இல்லையென்றால் ஒன்று வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவரிடம் பயின்ற பழைய மாணவர்