பதாகையின் பிழை கோப்பிலேயே தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் விழாப் பதாகைகளில் தமிழ் சிதைந்து கிடப்பதாக வாசகர் ஒருவர் வருந்தி எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். கும்பகோணத்தில் டிஜிட்டல் பேனர் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருக்கும் நான் அவருடைய கோபத்தை மறுக்கவில்லை. ஆயினும், அந்தப் பிழைகளில் பல தமிழ் தெரியாததால் நேர்பவை அல்ல. அச்சுக்கு அனுப்பும் கோப்பைச் சரிவரத் தயாரிக்காததால் நேர்பவை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. திருவாரூரில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கும்பகோணத்துக் கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பையே விடாமல் வைத்திருக்கும் கடைகளில் ‘கோயில்’ என்ற சொல்லின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. விடிந்தால் கொடியேற்றம் என்ற நிலையில், நள்ளிரவில் அதைக் கையால் ஒட்டவைப்பவரிடம் பிழையின்மையை எதிர்பார்க்க முடியுமா? பிழை பார்த்து முடித்ததும் எழுத்துகளை எல்லாம் ‘கர்வ்’ ஆக, அதாவது வெறும் உருவங்களாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகத் தருவதே இதற்கு வழி. அதன்பின் சொல்லைத் திருத்த இயலாது என்பதால், உருவமாக மாற்றாத நகல் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும்.

படங்களின் கதை இதைவிட மோசம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, நீளவாட்டில் ஏறத்தாழ 1600 புள்ளிகளாக (பிக்சல்) குறைந்துவிடுகிறது. அதை 20 அடி அகலப் பதாகைக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏழு புள்ளிகூடத் தேறாது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் கரைந்த சுண்ணாம்பாகத் தெரியும். அழைப்பிதழுக்கு அங்குலத்துக்கு வேண்டிய 300 புள்ளிகள் தொலைவிலிருந்து பார்க்கும் பதாகைக்குத் தேவையில்லை, 72 இருந்தாலே நிறைவாக இருக்கும். ஆனால், மென்பொருளில் 72 என்ற எண்ணை 300 என மாற்றிவிட்டால் படம் தெளிந்துவிடும் என நம்புவோர் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். கேமராவில் எடுத்த மூலப்படத்தை ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும்.

நிறத்தையும் கோப்பிலேயே கவனிக்க வேண்டும். கைபேசித் திரை ஒளியால் காட்டும் குறுவை நாற்றின் இளம்பச்சை, நான்கு மைகளில் அச்சாகும்போது மங்கவே செய்யும். கோப்பை முன்கூட்டியே அந்த நான்கு மைகளுக்கான சி.எம்.ஒய்.கே. நிற முறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டால் பின்னர் சண்டை வராது. ஓரங்களில் மூன்று அங்குலமாவது எழுத்தில்லாமல் விட வேண்டும். சவுக்குச் சட்டத்தில் மடித்து ஆணியடிக்கும்போது முதலில் மறைவது உபயதாரர் பெயர்தான், அந்தப் பழியும் எங்களையே சேரும்.

2028ஆம் ஆண்டு மகாமகத்துக்குக் கும்பகோணம் முழுவதும் வழிகாட்டிப் பலகைகள் தேவைப்படும். ஒவ்வொரு துறையும் வாசகங்களைத் தாளில் எழுதி ஒவ்வொரு கடையிலும் புதிதாகத் தட்டச்சு செய்ய வைக்காமல், தமிழாசிரியர் ஒருவர் சரிபார்த்து, எழுத்துகளை உருவங்களாக மாற்றிய ஒரே கோப்பை, அச்சிட வேண்டிய அளவையும் குறிப்பிட்டு, எல்லா அச்சகங்களுக்கும் வழங்க மாவட்ட நிர்வாகம் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதாகை வடிவமைப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்.