ரெண்டும் மான்செஸ்டர்தான், ஆனா ஒண்ணு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜாய் டிவிஷனையும் தி ஸ்மித்ஸையும் ஒரே மூச்சுல சோகப்பாட்டு பேண்டுன்னு சொல்றவங்கள பாத்தா மனசு ஆறமாட்டேங்குது, அதான் எழுதுறேன். ரெண்டும் மான்செஸ்டர்லேர்ந்து வந்ததுதான், ஆனா காது குடுத்து கேட்டா வேற வேற. ஜாய் டிவிஷன்ல பீட்டர் ஹூக் பேஸ் கிட்டாரை மேல் ஸ்தாயில வாசிப்பாரு, பல பாட்டுல மெட்டே அதுலதான் போகும், 1979ல வந்த முதல் ஆல்பத்துல ப்ரொட்யூசர் மார்ட்டின் ஹானெட் ட்ரம்ஸை தனித்தனியா பிரிச்சு எக்கோ போட்டு வச்சதால ஆளில்லாத பெரிய கட்டடத்துக்குள்ள நின்னு கேக்குற மாதிரியே இருக்கும். ஸ்மித்ஸ் அப்படியே தலைகீழ். ஜானி மார் கிட்டார் மேல கிட்டாரா அடுக்கி ஓட விடுவாரு, மாரிசி அதுமேல தனிமைய பத்தி பாடுவாரு, மெட்டு துள்ளும், வரி அழும். 1984லேர்ந்து 87க்குள்ள நாலே ஸ்டுடியோ ஆல்பம்.

ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாசம் 23 வயசுல இறந்துட்டாரு, ரெண்டாவது ஆல்பம் வெளிவந்ததகூட அவர் பாக்கல. பேண்டுல மிச்ச மூணு பேரும் நியூ ஆர்டர்னு புது பேர்ல தொடர்ந்தாங்க. அந்த மரணத்தை வச்சே பாட்டை அளக்குறது எனக்கு புடிக்கல, அந்த பேஸை கேக்கணும் சார், எனக்கு ஜாய் டிவிஷன்தான் ஒரு படி மேல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்