குட்டிகளின் முதுகில் இந்த வருஷம் பாரம் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பொங்கல் முடிந்தும் மாரி விடவில்லை. கொட்டிலுக்குள் ஈரம் ஏறி, கறுத்த மறி ஆடு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. குளம்பிடுக்கில் சேறு அடைந்து புண்ணாகிவிட்டது.

நீ அனுப்பிய வீடியோவை அம்மா மூன்று தரம் பார்த்தாள், உன் முகம் மெலிந்துவிட்டதாம். நான் உன் நாலு ஆட்டுக்குட்டிகளைத்தான் பார்த்தேன். முதுகில் சிவப்புச் சுமைப் பை கட்டியதும் மூன்று சும்மா நின்றன. அந்த வெள்ளை, சானன் சாதிக் கிடாய் மட்டும் முதுகைக் கூனிக்கொண்டு நின்றான். வெறும் பைதான் என்றாய், சரி. ஓகஸ்டில் பன்னிரண்டு நாள் மலை நடை, குட்டிக்கு நாலு கிலோ என்று போட்ட கணக்குத்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

முற்றின கிடாய் தன் எடையில் நாலில் ஒரு பங்கு சுமக்கும் என்றாயே. 80 கிலோ ஆட்டுக்கு 20 கிலோ. உண்மைதான், ஆனால் அது நாலு வயதுக் கிடாயின் கணக்கு. உன்னுடையவை மார்ச்சில் பிறந்தவை, ஓகஸ்டில் ஒன்றரை வயதுகூட ஆகாது. பெருஞ்சாதி ஆட்டுக்கு மூன்று நாலு வயது வரை எலும்பு வளரும். இப்போது மூட்டு கெட்டால் பிறகு எந்த வைத்தியராலும் திருப்பித் தர முடியாது. அடுத்த வருஷம் பத்தில் ஒன்று வரை ஏற்றிப் பார். இந்த வருஷம் அவை கூட வரட்டும், அவ்வளவுதான்.

வெறும் பையை மட்டும் இடைக்கிடை கட்டு. தன் உடம்பு எவ்வளவு அகலமாகிவிட்டது என்று ஆட்டுக்குத் தெரியாது. இரண்டு மரத்துக்கு நடுவில் புகுந்து நாலு தரம் இடிபட்டால்தான் விலகி நடக்கப் பழகும். அவிழ்க்கும்போது வார் பட்ட இடத்தைக் கையால் தடவிப் பார். மயிர் தேய்ந்திருந்தால் அந்த இடம்தான் பிறகு புண்ணாகும்.

இது என் தோள் சொல்லித் தந்த பாடம். கதிர்காமத்துக்கு நடந்த முதல் வருஷம், அம்மா சொல்லச் சொல்லக் கேளாமல் 11 கிலோ கட்டிக்கொண்டு போனேன். வெருகல் கோயிலடியில் சேட்டைக் கழற்றினால் வார் போன வழியெல்லாம் தோல் இல்லை. பாரத்தைவிட, வியர்வையில் நனைந்த துணி உரசினதுதான் வினை. பாதியை அங்கேயே கொடுத்துவிட்டு நடந்தேன். உகந்தை தாண்டிக் குமணைக் காட்டுக்குள் கடை கிடையாது, அங்கேதான் சாமான் வேண்டும். அதுவரை தூக்கினதெல்லாம் வீண் ஆசை.

தண்ணீரை இப்போதே பழக்கு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன், தோப்பூரில் வாங்கின மூன்று ஆட்டோடு பாதையில், அதாவது சனத்தை அக்கரை சேர்க்கும் மிதவையில், கடந்தேன். பாதைக்கும் கரைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி, கீழே தண்ணீர் பளபளத்தது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு ஒன்றும் அசையவில்லை. கயிற்றை இழுக்க இழுக்கப் பின்னுக்குத்தான் போயின. ஏறியிருந்த சனமெல்லாம் சத்தம் போட்டது. மூத்த மறியை நான் தூக்கி உள்ளே விட்டேன், மற்ற இரண்டும் கத்திக்கொண்டு தாமே பாய்ந்தன. உனக்கு மூத்த ஆடு இல்லை, நீதான் மூத்த ஆடு. முழங்கால் அளவு ஓடையில் முதலில் நீ இறங்கிப் போ, இழுக்காதே. அக்கரையில் நின்று கூப்பிடு. போத்தல் பால் கொடுத்து வளர்த்தது இதற்குத்தான் உதவும். ஆனால் வீடியோவில் ஒன்று உன் நெஞ்சில் காலை வைத்தது, நீ சிரிக்கிறாய். 80 கிலோவில் அதையே செய்தால் சிரிப்பாயா?

தினமும் நடத்து. இரண்டு கிலோமீற்றரில் தொடங்கு, கல்லுள்ள பாதையாகப் பார். ஈரப் புல்லிலேயே நின்றால் குளம்பு மெத்தென்றாகிவிடும், என் கறுத்த மறியே சாட்சி. பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னமே சீவிவிடு, முதல் நாள் சீவாதே. நடுப்பகலில் ஒரு மணித்தியாலமாவது நிறுத்து. இரைமீட்க அவற்றுக்கு நேரம் வேண்டும்.

தீனி விஷயத்தில் உன் கை தாராளம். நலமடித்த, அதாவது விதை நீக்கிய கிடாய்க்குத் தானியம் அள்ளிப் போட்டால் சிறுநீர்க் குழாயில் கல் அடைக்கும். முக்கிக்கொண்டு நின்றால் மலச்சிக்கல் என்று இருந்துவிடாதே, உடனே வைத்தியரிடம் ஓடு. காய்ந்த புல்லும் குழையும் போதும், தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். ஏற்புவலி, குடல்நச்சு ஊசிகளும் போட்டுவிடு. நுவரெலியாப் பக்கம் மலையில் சிவப்பாய்ப் பூக்குமே, ரோடோடென்ட்ரன், அதன் சாதி அமெரிக்காவில் உங்கள் ஒரிகன் காட்டிலும் உண்டு. ஆட்டுக்கு அது நஞ்சு. இலையை நீயே முதலில் அடையாளம் பார்த்து வை.

காட்டு இலாகாவிடமும் கேள். வீட்டு ஆட்டின் சளி மலையில் திரியும் காட்டுச் செம்மறிக்குத் தொற்றினால் நிமோனியாவில் கூட்டமே சாகலாம். அதனால் சில காடுகளில் ஆட்டை விடுவதில்லை.

பன்னிரண்டு நாளை ஐந்தாக்கு. நாலு நாலாய்ப் பதினாறு கிலோவும் மிச்சம், உன் தோளும் மருமகன் தோளும் போதும். வெள்ளையனை நிறுத்து எடையை அனுப்பு, முதுகு கூனியதற்குக் காரணம் வாரா வயிறா என்று பார்க்க வேண்டும். அம்மா பனங்கட்டி அனுப்பியிருக்கிறாள். உங்களுக்குத்தான், குட்டிகளுக்கு இல்லை.

அன்புடன்,
அப்பா
திருகோணமலை