மைக் செட் பில்லில் ஜமக்காளம் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"மைக் செட் கேட்டால் ஜமக்காளத்துக்கும் மெத்தைக்கும் சேர்த்து பில் போடுகிறீர்களே, பந்தல் கடையும் வைத்துவிட்டீர்களா?" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். ஓவியக்கூடத்தில் கச்சேரியும் கவிதை வாசிப்பும் நடத்துகிறவர் அவர். கேள்வி நியாயமானதுதான். மற்றவர்களுக்கும் இருக்கும் என்பதால் இந்த மடல்.

கல்யாண மண்டபம் வேறு, படங்கள் மாட்டிய கூடம் வேறு. அங்கே தரை வழவழப்பு, சுவர் மொட்டை, கூரை உயரம், படங்களுக்குக் கண்ணாடி வேறு. போன சத்தம் எதிலும் அடங்காமல் திரும்பித் திரும்பி வரும். ஏற்காட்டில் முதன்முதலாக இப்படி ஒரு மாலைக்குப் பெரிய பாக்ஸ் நான்கை ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். மிருதங்கத்தின் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மேலே விழுந்தது. பிறகு கவிதை வாசித்தவரின் குரல் கடைசி வரிசைக்கு வெறும் ரீங்காரமாகத்தான் போனது. கேட்கவில்லை என்றார்கள், வால்யூமைக் கூட்டினோம். இன்னும் குழம்பியது. தப்பு எங்களுடையது.

இதே சிக்கல் 1895-இல் அமெரிக்காவில், ஹார்வர்டின் ஃபாக் கலை அருங்காட்சியகத்திலும் இருந்திருக்கிறது. புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அறையில் பேசிய சொல் 5 நொடிக்கு மேல் அடங்காமல் நின்றதாம். சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் என்ற வாத்தியத்தின் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போய்விட வேண்டும்! அந்த அளவுகளிலிருந்து பிறந்த கணக்கை வைத்துத்தான் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் என்ற இசை அரங்கைக் கட்டினார்கள்.

நமக்குப் பவானி ஜமக்காளம் இருக்கிறது. ஆனால் அது மெல்லியது. கீச்சென்ற சத்தத்தைத்தான் கொஞ்சம் அடக்கும். அதனால்தான் பின்சுவரை ஒட்டி இலவம்பஞ்சு மெத்தையும் மடிப்பு மடிப்பாகக் கனத்த திரையும் வைக்கிறோம். பாக்ஸ் சின்னது இரண்டே போதும், ஆட்களுக்குப் பக்கத்தில். வாடகையில் பெரும்பகுதி சலவைக்கும் ஏற்றுக்கூலிக்கும் போய்விடுகிறது.

ஆள் நிறைந்தால் கூடம் தானாகவே பாதி சரியாகிவிடும். மனித உடம்பும் துணியும் நல்ல பஞ்சு. ஆகவே காலிக்கூடத்தில் சோதனை பார்க்கும்போது எதிரொலிக்கிறதே என்று பதற வேண்டாம்.

சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், பாக்ஸைப் படத்தின் அருகே வைக்க மாட்டோம், ஃபோகஸ் லைட்டும் கொண்டுவர மாட்டோம். காகிதத்தில் வரைந்தவை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். குத்துவிளக்கை வராந்தாவில் ஏற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புகை படத்தில் படிந்தால் யார் துடைப்பது?

கவிஞர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், தாள் அதன்மேல் உரச வேண்டாம். மலையில் கச்சேரி என்றால் மிருதங்கக்காரர் ஒரு மணி நேரம் முன்னதாக வரட்டும். ஈரப்பனியில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்.

தேதி முடிவானதும் கூப்பிடுங்கள். ஒரு தடவை வந்து, கூடத்தின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை மெத்தை என்று சொல்வோம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மைக் செட் கடையார்,
அஸ்தம்பட்டி, சேலம்