தெருவுக்குச் சொந்தமான ஜன்னல்

லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. “சொந்த வீட்டு ஜன்னலை மாற்ற எவனுடைய அனுமதியடா வேண்டும் உனக்கு?” என்று கேட்டிருந்தாய். அதே கேள்வியை இங்குள்ள நகராட்சிக்கு இரண்டு பக்கம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். இப்போது கோபம் ஆறிவிட்டது. உனக்கு நிதானமாகச் சொல்லலாம்.

எங்கள் வீட்டை நீ பார்த்திருக்கிறாய். 1890களில் கட்டியது, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. முன்னால் மூன்று பட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஜன்னலருகே உட்கார்ந்துதான் நீ மஃப்ளரைக் கழற்றாமல் காபி குடித்தாய். கண்ணாடி பதித்த மரச் சட்டங்கள் மேலும் கீழும் நகரும் வகை. சாஷ் என்பார்கள். அந்த ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது, கூரைக்குள் ஓர் அறை எடுத்து மகளுக்கும் பேரனுக்கும் கொடுப்பது. இவ்வளவுதான் திட்டம். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று உனக்குப் போனில் பெருமையடித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

சிக்கல் எங்கள் தெருவில் இருக்கிறது. அது கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் வருகிறது. மரபுப் பாதுகாப்புப் பகுதி என்று வைத்துக்கொள். முன்பெல்லாம் இங்கே சட்டம் தனித்தனிக் கட்டடங்களைத்தான் காத்தது. மாளிகை, தேவாலயம், பெரிய மனிதர் வாழ்ந்த வீடு என்று. தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத, சேர்ந்து நிற்கும்போது மட்டும் அழகாகிற தெருக்களுக்கு 1967இல்தான் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஸ்டாம்ஃபர்ட் என்ற ஊர் முதல் பகுதியானது. இன்று இங்கிலாந்தில் இப்படி ஏறத்தாழ 10,000 பகுதிகள் இருக்கின்றன. தனியாகக் காக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் எங்கள் வீடு இல்லை, கூட்டத்தில் ஒருவன்.

அப்படிப்பட்ட தெருவிலும்கூட ஜன்னல் மாற்றுவது பொதுவாக வீட்டுக்காரன் விருப்பம்தான். ஆனால் நகராட்சி நினைத்தால், ‘ஆர்ட்டிகிள் 4’ என்றோர் உத்தரவு போட்டு அந்த உரிமையை எடுத்துவிடலாம். எங்கள் தெருவுக்குப் போட்டிருக்கிறார்கள். வீடு வாங்கியபோது வக்கீல் அனுப்பிய கட்டில் அந்தக் காகிதமும் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

கூரை விஷயம் இதைவிட வேடிக்கை. வேறு தெருவில் இதே மாதிரி ஒட்டு வீட்டில் 40 கன மீட்டர் வரை, சில நிபந்தனைகளோடு, யாரையும் கேட்காமல் கூரையை விரிவாக்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு கன மீட்டருக்கும் விண்ணப்பம். தோட்டத்துக் கோடியில் இருக்கும் மரத்தைக் கழிப்பதற்குக்கூட 6 வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். உன் தோட்டத்து முருங்கைக்கு இதைச் சொல்லிப் பார், சிரிக்கும்.

விண்ணப்பத்தோடு தெருவின் வரைபடம் 1:1250 அளவில், வீட்டின் முகம் இப்போது இருப்பதும் இனி இருக்கப்போவதும், ஜன்னல் சட்டத்தின் குறுக்குவெட்டு, எங்கள் மாற்றம் தெருவின் மரபுக்கு என்ன செய்யும் என்று ஒரு கட்டுரை, எல்லாம் கொடுத்தோம். கட்டணம் 528 பவுண்டு. ரூபாயில் கணக்குப் போடாதே, தூக்கம் வராது. வாசலில் விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். 21 நாளில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் நின்று என் ஜன்னல் விவகாரத்தைப் படித்தார்கள். கல்யாணப் பத்திரிகையைக்கூட யாரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

8 வாரத்தில் பதில் வந்தது. மறுப்பு. பிளாஸ்டிக் சட்டம் பருமன், பின்பக்கம் கூரையிலிருந்து துருத்தும் மாடம் பெரிது, இரண்டும் பகுதியின் தன்மைக்கும் தோற்றத்துக்கும் ஊறு. முன்பெல்லாம் ஒரு தடவை மறுத்தால் மறுதடவை கட்டணமில்லாமல் கேட்கலாம். 2023 டிசம்பரில் அந்தச் சலுகையும் போய்விட்டது. மேல்முறையீட்டுக்குக் கட்டணமில்லை, 12 வாரத்துக்குள் போயிருக்கலாம். எதிர் வீட்டில் பளபளவென்று பிளாஸ்டிக் ஜன்னல் இருப்பதைப் படமெடுத்து ஆதாரமாகக்கூட வைத்திருந்தேன். விசாரித்தால், அது உத்தரவுக்கு முன்பே போட்டதாம். ஆகவே அது பாவமில்லை. இதில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அப்போதுதான் தச்சர் ஒருவர் வந்தார். எழுபதை நெருங்கும் வெள்ளைக்காரர், பேச்சு குறைவு. ஜன்னலைப் பார்த்துவிட்டு, “இதை ஏன் பிடுங்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். பக்கச் சட்டத்தின் அடியில், அத்தனை வண்ணப் பூச்சுக்குள் மறைந்திருந்த சின்னப் பலகை ஒன்றை உளியால் நெம்பி எடுத்தார். உள்ளே இருட்டுப் பொந்து. கையை விட்டு, முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு உருளையை வெளியே இழுத்தார். கயிறு இற்று, நுனி பஞ்சாகப் பிரிந்திருந்தது. மேலே பார்த்தால் ஒரு கப்பி. மாப்பிள்ளை, நம் கிணற்றுக் கப்பியேதான்! ஜன்னலின் எடைக்குச் சமமாக இரும்பு தொங்குகிறது. அதனால்தான் அவ்வளவு கனமான சட்டம் எந்த உயரத்திலும் நிற்கிறது. இருபத்திரண்டு வருடம் அந்த ஜன்னலைத் திறக்க மல்லுக்கட்டினேன். இரண்டு முழம் கயிறு அறுந்துகிடந்ததுதான் காரணம்.

மேல் சட்டத்தின் அடி மூலைகளில் இரண்டு சின்னக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு வரி இருந்த காலத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிகளைக் குறுக்குச் சட்டங்களில் பதித்தார்கள். பாரத்தை அந்தச் சட்டங்கள் தாங்கின. 1845இல் வரியை எடுத்த பிறகு பெரிய கண்ணாடி மலிந்தது, குறுக்குச் சட்டம் குறைந்தது, மூலை இணைப்பில் பாரம் ஏறியது. அதைத் தாங்கத்தான் கொம்பு. பிளாஸ்டிக் ஜன்னல் விற்கிறவர்கள் அந்தக் கொம்பையும் அச்சில் வார்த்து ஒட்டித் தருகிறார்கள். தாங்குவதற்கு ஒன்றுமில்லாத கொம்பு.

தச்சர் உளுத்த அடிக்கட்டையை மட்டும் அறுத்து எடுத்து அதே வகை மரம் சேர்த்தார், புதுக் கயிறு போட்டார், இடுக்குகளில் காற்றைத் தடுக்கும் தூரிகைப் பட்டை பதித்தார். இருந்தபடியே பழுதுபார்ப்பதற்கு அனுமதி வேண்டாம். உள்பக்கம் தனியாக இரண்டாவது கண்ணாடி ஒன்று பொருத்தினார். வீடு பட்டியலில் இல்லாததால் அதற்கும் அனுமதி வேண்டாம். குளிர் போயிற்று. நான் 528 பவுண்டு கட்டிக் கேட்டது கேட்காமலே கிடைத்தது. கூரை மாடத்தை மட்டும் சிறிதாக்கி, முகட்டிலிருந்து கீழே இறக்கி, பக்கங்களில் ஸ்லேட்டு பதிப்பதாக வரைந்து இன்னொரு 528 கட்டினோம். சென்ற மாதம் அனுமதி வந்துவிட்டது. மகளுக்கு அறை அரை அடி குறையும்.

எனக்கு உறுத்துகிற இன்னொரு விஷயம் உண்டு. இந்தச் சட்டம் வீட்டின் முகத்தைத்தான் காக்கிறது. பக்கத்து வீட்டில் புதிதாக வந்தவர்கள் உள்ளே இருந்த கணப்பு மேடை, கூரை ஓரத்துச் சுண்ணாம்புப் பூவேலை, படிக்கட்டு எல்லாவற்றையும் பெயர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். ஒரு காகிதம் தேவைப்படவில்லை. ஜன்னல் தெருவுக்குச் சொந்தம், படிக்கட்டு வீட்டுக்காரனுக்குச் சொந்தம். வாசல் வரைதான் அரசாங்கத்தின் கண்.

உங்கள் செட்டிநாட்டு வீட்டில் நேர்மாறு. நடுமுற்றமான வளவும் தூணும் உள்ளே இருக்கின்றன, கேட்பதற்கு ஆளில்லை. செட்டிநாட்டுக் கிராமங்களை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இலேயே சேர்த்தார்கள். உன் பங்காளிகளுக்கு அது தெரிந்தாலும், தூண் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நானே பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அலைந்தவன். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருந்தாய், பதினேழா? அத்தனை பேரையும் ஓரிடத்தில் உட்காரவைப்பதைவிட இந்த நகராட்சி எவ்வளவோ மேல்.

ஒன்று மட்டும் செய். பங்காளிகள் கூட்டம் நடப்பதற்குள் வீட்டின் இரண்டாம் கட்டின் ஓடுகளை ஒழுகாமல் மாற்றிவிடு. செலவில் பாதி நான் அனுப்புகிறேன், கணக்குக் காட்டாதே. ஒழுகுகிற வீட்டை இடிக்கலாம் என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. சிமென்ட் வைத்துப் பூச மட்டும் விடாதே. இங்கே முன்சுவரில் யாரோ செங்கல் இடுக்குகளைச் சிமென்டால் அடைத்துவைத்து, ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகம் சில்லுச்சில்லாகப் பெயர்கிறது. அதுதான் எனக்கு அடுத்த செலவு.

பேரன் ஜன்னலை ஒரே விரலால் மேலே தள்ளிவிட்டுக் கீழே இழுக்கிறான். காலையிலிருந்து இதே வேலை. உள்ளே இரும்பு ‘டொக்’கென்று மோதுகிற சத்தம் கேட்டபடியே இதை எழுதுகிறேன். உன் சர்க்கரை எவ்வளவு என்று இந்தத் தடவையும் எழுதவில்லை. தங்கச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்