பேத்தியின் மூச்சிரைப்பும் ஒரு விதையின் கதையும்

அன்புள்ள ராஜாராம்,

உன் கடிதம் கிடைத்தது. பனி இறங்கியதும் பேத்திக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் திரும்பிவிட்டன என்று படித்து மனம் கலங்கினேன். வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் என்ற பொருளை மாத்திரையாக வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய்.

ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைத் தாங்கி நிற்கும் மாஸ்ட் செல்கள், தூசியோ மகரந்தமோ பட்டதும் தும்மலையும் இழைப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டிவிடுகின்றன. சோதனைக்கூடத்தில் குவெர்செட்டின் அந்தக் கொட்டலைக் குறைப்பது உண்மைதான். ஆனால் விழுங்கும்போது அதில் சிறு பங்கே குருதியில் சேர்கிறது. அந்தச் சிறு பங்கும் குடலிலும் கல்லீரலிலும் பெரும்பாலும் உருமாறிவிடுகிறது. ஆகவே கண்ணாடிக் குழாயில் கண்டதைக் குழந்தையின் மார்பிலும் எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை.

இதனால் தாவரங்களை நான் ஒதுக்குவதாக எண்ணாதே. எகிப்தியர் நெடுங்காலம் மருந்தாகக் கொண்ட கெல்லா என்னும் செடியின் விதையில் கெல்லின் என்ற பொருள் இருக்கிறது. 1922இல் சிரியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ரோஜர் அல்டூன்யன் என்ற மருத்துவர், தாமே ஆஸ்துமாக்காரர். தமக்கு ஒவ்வாத கினிப்பன்றி முடியின் சாற்றை வேண்டுமென்றே உள்ளிழுத்து, இழைப்பை வரவழைத்து, கெல்லினை ஒட்டி உருவாக்கிய நூற்றுக்கணக்கான சேர்மங்களை ஆண்டுக்கணக்கில் தம் நுரையீரலிலேயே சோதித்தார். 1965இல் குரோமோகிளைகேட் என்ற மருந்து கிடைத்தது. அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் பனிக்கிறது. குவெர்செட்டினைப் போலவே குரோமோகிளைகேட்டும் குடலில் சரியாக உறிஞ்சப்படாத பொருளே. அதனால்தான் போர்க்காலத்தில் விமானம் ஓட்டிய அவர், விமானத்தின் சுழலும் முன்விசிறியின் நினைவில், பொடியை மூச்சோடு இழுக்கும் கருவியைச் செய்தார். வந்த இழைப்பை அம்மருந்து தணிக்காது. முன்கூட்டியே எடுத்தால் வராமல் தடுக்கும்.

பட்டர்பர் என்ற ஐரோப்பியச் செடியையும் சொல்ல வேண்டும். மகரந்த ஒவ்வாமையால் தும்மலும் மூக்கொழுக்கும் உள்ள 125 பேரிடம் இரண்டு வாரம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், அதன் சாறு செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரைக்கு நிகராக இருந்தது. ஆனால் அச்செடியில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகளும் உண்டு. அவற்றை நீக்காத தயாரிப்பு ஆபத்தானது.

சின்ன வெங்காயத்தைக் குழம்பில் தாராளமாகச் சேர்த்துக்கொள். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதே. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்தாதே. இரவில் எத்தனை முறை இழைப்பால் எழுகிறாள் என்பதைத் தேதியிட்டுக் குறித்து, அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுது.

அன்புடன்,
வேலாயுதம்