மார்கழிக் கோலமும் வேப்பம்பூவும்: முடிவுறாத ஓவியம் ஒன்றைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் தாயாரின் ஊர்த் தெருவை வைத்து நீங்கள் தீட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய் வண்ண ஓவியத்தின் படங்கள் கிடைத்தன. நான்கடி அகலத் துணியில் முக்கால் பங்கு நிரம்பிவிட்ட நிலையில், இன்னும் என்னவெல்லாம் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. எதை எடுத்துவிடலாம் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கிராமக் காட்சி வரைகிற மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், உங்கள் இசைவோடு பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், படத்தில் இப்போது இருப்பவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். தெற்குப் பார்த்த ஓட்டு வீடு, அதன் திண்ணை, வாசலில் சாண உருண்டையில் பறங்கிப்பூ செருகிய கோலம், வலப்பக்கம் பூத்துக் குலுங்கும் வேப்பமரம், மரத்தடியில் அவிழ்த்து விட்ட மாட்டுவண்டி, இடப்பக்கச் சந்தின் வழியே தெரியும் வயலில் குனிந்து நாற்று நடும் பெண்கள். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பறங்கிப்பூக் கோலம் மார்கழிக்கு உரியது. வேம்பு பூப்பது பங்குனி, சித்திரையில். காவிரிப் படுகையில் சம்பா நடவு புரட்டாசி, ஐப்பசியில் நடக்கிறது. வண்டியின் நிழலோ சக்கரங்களுக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அது சித்திரை உச்சிவெயிலின் நிழல். ஒரே தெருவில் மூன்று பருவங்கள் நிற்கின்றன. பார்ப்பவர் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆயினும் படத்துக்குள் நுழைய முடியாமல் ஏதோ ஒன்று அவரைத் தடுக்கும், "நாள்காட்டிப் படம் மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

எந்தப் பருவத்தை வைத்துக்கொள்வது என்பது உங்கள் உரிமை. என்னைக் கேட்டால் மார்கழிதான், ஏனென்றால் இந்தத் துணியில் மிக நன்றாக அமைந்திருப்பது அந்தக் கோலம். காலை எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மார்கழியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில், அடிவானத்துக்கு மேல் 20 பாகைக்குச் சற்றுக் குறைவான உயரத்தில்தான் இருக்கும். ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டு, மேற்காகவும் சற்றே வடக்காகவும் விழும். வடக்கு நோக்கி நின்று வரையும் உங்களுக்கு அது வலமிருந்து இடமாக, வீட்டை நோக்கிச் சாய்ந்து ஓடும் நிழல். வண்டியின் நிழல் தெருவின் புழுதி மேல் நீண்டு கோலத்தின் ஓரத்தைத் தொடட்டும். திண்ணைத் தூண்களின் நிழல் பின்சுவரில் சாய்கோடுகளாக விழட்டும். சித்திரை உச்சியில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்பதால் அந்தச் சுவருக்கு வெயில் எட்டவே எட்டாது. மார்கழியிலோ இறவாணத்துக்குக் கீழே புகுந்து சுவர் வரை வரும். நீங்கள் சுவரில் வெயிலைத் தீட்டியிருக்கிறீர்கள், அதனால் பாதி வேலை உங்களை அறியாமலே மார்கழிக்கு ஏற்றதாக முடிந்திருக்கிறது.

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) ஓவியத்தை நீங்கள் அறிவீர்கள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், தம் தந்தையின் ஆலைக்கு அருகே ஆற்றுக்குள் ஒரு வண்டி நிற்பதை வரைந்தார். 1821இல் அதைக் காட்சிக்கு வைத்தபோது அவர் சூட்டியிருந்த பெயர் 'நிலக்காட்சி: நண்பகல்' என்பதுதான். ஊரின் பெயரையோ வண்டியையோ சொல்லாமல், நேரத்தைப் பெயராக வைத்தார். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் வானத்தை மட்டும் சிறு சிறு படங்களாகத் தீட்டி, பலவற்றின் பின்புறம் தேதி, மணி, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். உங்கள் துணியின் பின்புறச் சட்டத்திலும் 'மார்கழி, காலை 8' என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். தூரிகையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது உங்களைக் கேள்வி கேட்கும்.

அந்த ஓவியத்திலிருந்து உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. இறுதிப் படத்துக்கு முன் அதே அளவில் அவர் தீட்டிய முன்மாதிரி ஒன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஆற்றங்கரையில் குதிரையும் அதன்மேல் ஓர் ஆளும் உண்டு. இறுதிப் படத்திலும் முதலில் அந்தக் குதிரைக்காரனை வரைந்தார், பிறகு அவனை அழித்து ஒரு பீப்பாயை வைத்தார், கடைசியில் பீப்பாயையும் மூடிவிட்டார். எண்ணெய் வண்ணம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், மூடிய இடத்தில் அதன் தடம் இப்போது மங்கலாகத் தெரிகிறது. ஆகவே வேப்பம்பூக்களின் மேல் அப்படியே பச்சையைப் பூசிவிடாதீர்கள். அவற்றை மிகத் தடிப்பாக வைத்திருக்கிறீர்கள். வண்ணம் கலக்கும் தட்டைக் கத்தியான பேலட் நைஃபால் சுரண்டி, மேற்பரப்பைச் சமன் செய்துவிட்டு, பிறகு மார்கழி வேம்பின் முற்றிய கரும்பச்சையை வையுங்கள். அந்தப் பூக்கள்தான் உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நடவுப் பெண்களையும் எடுத்துவிட வேண்டும். அந்தச் சந்தில் கதிர் வாங்கிய சம்பா வயலும், அதன்மேல் கலையாத பனியும் போதும். தூரத்துப் பச்சையில் சிறிது நீலச் சாம்பலைக் கலந்தால், இப்போது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த மூலை தானாகப் பின்வாங்கிவிடும். அதன்பின் படத்தில் உரத்த நிறமாக எஞ்சுவது பறங்கிப்பூவின் மஞ்சள் ஒன்றே.

சுவரின் வெள்ளையைப் பற்றி: டைட்டானியம் ஒயிட்டைக் குழாயிலிருந்து எடுத்தபடியே பூசியிருப்பதால் அது சுண்ணாம்புச் சுவராகத் தெரியாமல் காகிதமாகத் தெரிகிறது. வெயில் படும் இடத்தில் துளி எல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்), நிழலில் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) கலந்த சாம்பலும் சேருங்கள். இறவாணத்தின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கக் கூடாது. தெருமண்ணில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அங்கே செம்மையாக ஏறும். ஓடுகளையும் ஒருமுறை பாருங்கள். வீட்டின் ஒரு சரிவில் வளைந்த நாட்டு ஓடும் மறு சரிவில் தட்டையான மங்களூர் ஓடும் இருக்கின்றன. பிற்காலத்தில் பழுது பார்த்த வீடுகளில் இப்படி உண்டு. உங்கள் பாட்டி வீட்டில் உண்மையிலேயே அப்படித்தான் என்றால் விட்டுவிடுங்கள், வெவ்வேறு புகைப்படங்களைப் பார்த்து வரைந்ததால் வந்தது என்றால் மாற்றுங்கள்.

வண்டிக்கும் இதே சந்தேகம்தான். சக்கரத்தில் ஆரக்கால்கள் இருக்கின்றன, ஆனால் அச்சின் உயரம் டயர் வண்டிக்கு உரியதாக இருக்கிறது. கான்ஸ்டபிள்கூடத் தம் வண்டிக்காக ஊரிலிருந்த ஜான் டன்தார்ன் என்ற இளைஞரிடம் வரைபடம் கேட்டு வரவழைத்தார். ஊரில் இருக்கும் உங்கள் மாமாவிடம் சொல்லி, எங்காவது கட்டைவண்டி மிஞ்சியிருந்தால் சக்கரத்தின் குறுக்களவையும் நுகத்தடியின் நீளத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

திண்ணையில் இருக்கும் பெண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து 2021இல் நம்மை விட்டுப் போன ஓவியர் இளையராஜாவின் பெண்கள் உங்கள் மனத்தில் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அதில் தவறில்லை. ஆனால் அவர் அடுப்படிக்குள் விழும் ஒருபக்க வெளிச்சத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார், அந்த முகங்கள் அதற்குள் இருந்து வந்தவை. உங்கள் பெண் தெருவெயிலில் இருக்கிறாள். உங்கள் சித்தியை எட்டு மணி வெயிலில் உட்கார வைத்து, கரித்துண்டால் நாலைந்து முறை வரைந்துவிட்டு அந்த முகத்துக்குத் திரும்புங்கள்.

பங்குனிக் கண்காட்சிக்கு வார்னிஷ் அடித்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எண்ணெய் வண்ணம் உள்ளே வரை காய ஆறு மாதமாவது பிடிக்கும், தடிப்பான இடங்களுக்கு இன்னும் கூடுதலாகும். வார்னிஷ் இல்லாமலே மாட்டுங்கள். சில இடம் மினுங்கிச் சில இடம் மங்கித் தெரிந்தாலும் பரவாயில்லை. இனி மேலே வைக்கும் அடுக்குகளில் டர்பன்டைனைக் குறைத்து, ஆளிவிதை எண்ணெயைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையேல் பின்னால் வெடிப்பு விடும். வண்டியின் அளவுகள் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஓவிய ஆசிரியர்